விமானியின் தூக்கம்

பொங்கல் கழிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, நம் வீட்டுக் கூடத்தில் ஒரு விமானி தூங்கிப் போனான்.

பாய் விரித்துப் படுத்துத் தூங்கியிருந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு, "சார், சௌக்கியமா?" என்று கேட்டான். நம்முடைய சௌக்கியத்தைப் பற்றி நாம் நாலு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நம் பேச்சைக் கேட்டுத் தூங்கியவர்களின் ஜாபிதா நீளமானது. அந்த அவமானம் நமக்குப் பழகிப் போனதுதான். ஆனால் இந்தப் பிள்ளை நம் வகுப்பில் ஒரு நாளும் கண் அயர்ந்தவன் அல்ல. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே ஏதாவது விமானத்தின் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவான். அதற்காக அவனுக்கு இரண்டொரு தடவை சாக்குக்கட்டி வீச்சும் கிடைத்திருக்கிறது.

நாம் அவனை எழுப்பப் போனோம். நம் வீட்டு அம்மாள் டம்ளரை அவன் கையிலிருந்து மெள்ள எடுத்துவிட்டு, "சும்மா இருங்கள். பெற்றவள் இந்த முகத்தைப் பார்த்தால் வயிறு எரிந்துபோவாள். தூங்கட்டும்" என்றாள். அவன் தூங்கினான். இரண்டு மணி நேரம் தூங்கினான். நாம் எதிரே உட்கார்ந்து பத்திரிகை படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நமக்கு நிம்மதி இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் இருப்பது நம் கவரைப்பேட்டை. இங்கே பாதிக் குடும்பங்களுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான் ஜீவனம். இந்தப் பையனின் தகப்பனாரும் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். பகலில் தூங்குகிறவர் இருக்கும் வீட்டில் குழந்தைகள் எப்படி நடக்க வேண்டும், பாத்திரத்தை எப்படிச் சத்தமின்றி வைக்க வேண்டும் என்பதெல்லாம் பையனுக்கு எழுத்தறிவுக்கு முன்பே வந்த பாடம். அந்த மனிதர் தமக்கிருந்த ஓர் ஏக்கர் நஞ்சையை விற்று, மிச்சத்துக்குப் பாங்கியில் கடன் வாங்கி, மகனை விமானம் ஓட்டப் படிக்க வைத்தார். வர்த்தக விமானி லைசென்ஸ் பெறுவதற்கே 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அதன்பின், எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறானோ அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சி. அதற்குத் தனிப் பணம். ஆக மொத்தம் ஒரு கோடியை எட்டிப் பிடித்தது செலவு. பாங்கிக்காரர்கள் கேட்ட நற்சான்றுப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் நாமே. "போகட்டும் ஐயா, உங்கள் பிள்ளை ஆகாயத்தில் பறக்கப் பிறந்தவன்" என்று தகப்பனாரிடம் சொன்னவரும் நாமே. ஆகவே நம் கூடத்தில் அவன் இப்படித் துவண்டு கிடந்தபோது, அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்ற எண்ணம் உறுத்திற்று.

எழுந்ததும் மிகவும் வெட்கப்பட்டான். "மன்னிக்க வேண்டும், சார்" என்றான். சாப்பாடு முடிந்த பிறகு தன் உத்தியோகத்தைப் பற்றிப் பேசினான். அவன் வேலை பார்க்கும் மலிவுக் கட்டண விமானக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

"விடியற்காலை ஐந்து மணிக்கு விமானம் புறப்படுகிறது என்றால், நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், சொல்லுங்கள் சார்?" என்று கேட்டான்.

"மூன்று மணி" என்றோம்.

"இல்லை, சார். நாலு மணிக்கு நான் நிலையத்தில் இருக்க வேண்டும். மூன்று மணிக்குக் கார் வந்துவிடும். இரண்டு மணிக்கு எழுந்தால்தான் சரியாக வரும். அப்படியானால் எட்டு மணிக்காவது படுக்க வேண்டும் அல்லவா? எட்டு மணிக்கு எந்தத் தெருவில் சத்தம் அடங்குகிறது? அன்றைக்கு நாலு தடவை ஏறி இறங்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தால், உடம்பு கெஞ்சுகிறது. கண் மூட மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் கழித்து இரவு பத்து மணிக்கு வேலை தொடங்கும். அப்பாவுக்காவது ஒரு வாரம் முழுவதும் ஒரே ஷிப்டு. எனக்கு நேற்று விடியற்காலை, நாளை நள்ளிரவு."

ஒரு விமானி வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. நாமும் இதை முன்பு எங்கோ படித்துவிட்டு, "ஆயிரம் மணி நேரந்தானா? உபாத்தியாயர்கள் இதைவிட அதிகம் கத்துகிறோமே!" என்று ஆசிரியர் அறையில் பரிகாசம் செய்ததுண்டு. அந்த ஆயிரம் மணி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பையன் விளக்கிய பிறகு பரிகாசம் வாயோடு நின்றது. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்த நிமிஷம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நின்ற நிமிஷம் வரைதான் அந்தக் கணக்கு. அதற்கு முன் வானிலை பார்ப்பதும், எரிபொருள் கணக்கிடுவதும், இரண்டு பிரயாணங்களுக்கு நடுவே காத்துக் கிடப்பதும் பறக்கும் மணிக்கணக்கில் சேரா.

இரவு விழிப்பு எல்லா விழிப்பையும் போன்றதல்ல. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மனித உடம்பு தானாகவே அடங்கிக் கிடக்க விரும்பும் நேரம் என்று விமானத் துறையினர் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் சாராயம் ஏறியவனுடையதைப் போல் தடுமாறுவதாகக் கண்டார்கள். நம் தேசத்துச் சாலையில் மோட்டார் ஓட்டுகிறவனுக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவிகிதந்தான். குடித்தவனைப் பிடிக்க ஊதுகுழாய் இருக்கிறது. தூக்கம் கெட்டவனைப் பிடிக்க இன்னும் ஒரு குழாயும் வரவில்லை. அவனேதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பையன் தயங்கித் தயங்கி, வந்த காரியத்துக்கு வந்தான்.

"சார், இந்தக் கம்பெனியை விட்டுப் போய்விடலாமா என்று பார்க்கிறேன். வளைகுடா நாட்டில் ஓரிடம் கிடைக்கும் போல் இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் போன வருஷம் கோடை விடுமுறையில் நாமும் நம் வீட்டு அம்மாளும் டில்லிக்கு விமானத்தில் போய் வந்தோம். ரயிலில் குளிர்சாதன வகுப்புக்குக் கொடுப்பதைவிடச் சொற்பமே அதிகம். அதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

மலிவு பாபமென்று நாம் சொல்ல வரவில்லை. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பைகளுடன் சிறு விமானத்தை ஓட்டி வந்தார்; அங்கிருந்து அந்தத் தபாலை அவருடைய சகாவான நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அதற்குப் பிறகு எழுபது வருஷம் வரையில் நம்மைப் போன்றவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. 2003-ல் காப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் கம்பெனியைத் தொடங்கி, சாமானியனும் ஏறலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கதவை இனி யாரும் மூட வேண்டாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பெட்ரோலிய எண்ணெயின் விலை கம்பெனியின் கையில் இல்லை. விமானத்தின் வாடகையை டாலரில் கொடுக்க வேண்டும். நிலையக் கட்டணத்தைப் பேரம் பேச முடியாது. ஆகவே மலிவுக் கம்பெனி இரண்டு இடங்களில் கை வைக்கிறது. ஒன்று, விமானத்தைத் தரையில் நிற்க விடாமல் அரை மணிக்குள் திருப்பி அனுப்பி, இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓட்டுவது. மற்றொன்று, ஒரு விமானத்துக்கு இத்தனை விமானிகள் என்ற எண்ணிக்கையை இறுக்கிப் பிடிப்பது. இயந்திரம் இருபத்து நாலு மணி நேரமும் சுழலும். மனிதன் சுழல மாட்டான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரோ ஒருவன் தன் தூக்கத்திலிருந்து கொடுத்து நிரப்புகிறான்.

2010 மே 22-ஆம் தேதி விடியற்காலை, துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மலைமேல் அமைந்த ஓடுபாதையில் நிற்காமல் ஓடிச் சரிவில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் 8 பேர். விமானத்தில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக் கேட்ட விசாரணைக் குழுவினருக்குக் காப்டனின் குறட்டை கேட்டது. அவர் பிரயாணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கியிருந்தார். விமானம் அதிக உயரத்தில் வருகிறது, மறுபடி மேலே கிளப்புங்கள் என்று துணை விமானி திரும்பத் திரும்ப எச்சரித்தார். அப்போதுதான் கண் விழித்த மூளைக்கு அது சரியாக எட்டவில்லை. இறந்தவரைக் குறை கூற நமக்கு மனமில்லை. உறங்கி எழுந்த உடனே கணக்குப் போடச் சொன்னால் நம்மில் எவர் சரியாகப் போடுவோம்?

விமானிகளின் ஓய்வு பற்றிய விதிகளை மறுபடியும் கடுமையாக்க 2024 ஜனவரி வரை ஆயிற்று. வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆக உயர்ந்தது. இரவு வேலையில் ஆறு தடவை வரை இறங்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். இரவு என்பது விடியற்காலை ஐந்து மணியோடு முடிகிறது என்ற பழைய கணக்கு, ஆறு மணி வரை என்று மாறிற்று. கம்பெனிகள் அவகாசம் கேட்டன. விமானிகள் டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். முடிவில் 2025 ஜூலை 1-ல் ஒரு பகுதியும் நவம்பர் 1-ல் மற்றொரு பகுதியும் அமுலுக்கு வந்தன.

அடுத்த மாதமே நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனியிடம் புதிய விதிக்குப் போதுமான விமானிகள் இல்லை. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்களும், வைத்தியத்துக்குப் புறப்பட்டவர்களும் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து அழுதார்கள். விதி எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே. ஏறக்குறைய இரண்டு வருஷம் முன்பே தெரிந்தது. தங்கள் மதிப்பீடும் திட்டமும் தவறிவிட்டதாகக் கம்பெனியாரே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு நிவாரணம் என்று அளிக்கப்பட்டது எது? இரவு வேலை பற்றிய சில விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. விமானி எடுக்கும் லீவை அவனுடைய வாராந்தர ஓய்வுக்கு ஈடாகக் கழித்துக்கொள்ளக் கூடாது என்ற விதியும் வாபஸ். பிரயாணிகளின் கண்ணீரைத் துடைக்க மறுபடியும் எடுத்த துணி விமானியின் போர்வைதான்.

இப்படியிருக்கும்போது விமானி என்ன செய்வான்? வேறிடம் தேடுவான். 2022-ல் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர் கம்பெனியிலிருந்து மறு வருஷமே 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகிப் போனார்கள். விமானங்கள் ரத்தாயின; கம்பெனி பம்பாய் ஹைக்கோர்ட்டிலும் டில்லி ஹைக்கோர்ட்டிலும் முறையிட்டது. 2017-ல் ஏற்பட்ட விதிப்படி, விலக நினைக்கும் துணை விமானி ஆறு மாதமும் காப்டன் ஒரு வருஷமும் முன்பே அறிவிக்க வேண்டும். கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் உண்டு: புதிய ஆளைத் தேடிப் பயிற்சி கொடுக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை டிக்கெட் வாங்கியவர்கள் கதி என்ன? விமானியின் பக்கத்திலும் நியாயம் உண்டு: ஒரு வருஷம் காத்திருந்து ஆளை எடுக்க எத்தனை முதலாளிகள் சம்மதிப்பார்கள்? பழகியவன் போனால் இருப்பவன் தலையில் அவன் பாரமும் விழுகிறது. அவனும் களைத்துப் போய் வழி பார்க்கிறான். மிஞ்சுவது அனுபவம் குறைந்தவர்கள்.

இது நம் தேசத்துக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. ஐரோப்பாவின் பெரிய மலிவுக் கம்பெனியான ரயன்ஏர் 2017 செப்டம்பரில் விமானிகளின் லீவுக் கணக்கைக் குளறுபடி செய்து, ஆறு வாரத்தில் சுமார் இரண்டாயிரம் விமானங்களை ரத்து செய்தது. அவ்வளவு காலமும் விமானிகள் சங்கத்தோடு பேசவே மறுத்து வந்தவர்கள், அந்த டிசம்பரில் பேசச் சம்மதித்தார்கள். அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12 இரவு பபலோ நகருக்கருகில் கோல்கன் ஏர் கம்பெனியின் சிறு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். சொற்பச் சம்பளம் வாங்கிய அதன் துணை விமானி, வேலைக்கு வருவதற்கே முதல் நாள் இரவு தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வேறு விமானங்களில் பிரயாணம் செய்து வந்தவர். இறந்தவர்களின் குடும்பத்தார் ஓயாமல் வாதாடி, மறு வருஷம் சட்டத்தையே மாற்றினார்கள். பிரயாணிகளின் சுற்றத்தாரே விமானியின் ஓய்வுக்காக வாதாடியது நம் மனத்தில் பதிந்திருக்கிறது.

நம் ஊருக்கும் இந்த விஷயத்தில் ஒரு பாடம் கிடைத்தது. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை இரவு. பொரி கடலை விநியோகம் முடிந்து, எட்டரை மணி சுமாருக்கு, பெரிய சத்தம் ஒன்று கேட்டது. மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், நேர்ப் பாதைக்கு சிக்னல் கிடைத்திருந்தும் கிளைப் பாதையில் புகுந்து, அங்கே நின்ற சரக்கு வண்டியின்மேல் மோதிவிட்டது. பெட்டிகள் புரண்டு கிடந்தன. ஒரு பெட்டி எரிந்துகொண்டிருந்தது. டார்ச்சு விளக்குகளோடு ஊரார் ஓடினார்கள். அன்று உயிர்ச் சேதம் ஒன்றுமில்லை. எஞ்ஜின் ஓட்டுநர் சட்டென்று பிரேக்கைப் போட்டதால்தான் பெரும் நாசம் தப்பியது என்று ரயில்வே அதிகாரிகள் பாராட்டினார்கள். வண்டி தடம் மாறியதும் உணர்ந்து செயல்பட ஒருவர் விழிப்போடு இருந்தார். அதே வருஷத்தில்தான் தென்னக ரயில்வே ஓட்டுநர்கள், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் வேலை வேண்டாம், வார ஓய்வை முழுதாகக் கொடுங்கள் என்று கேட்டுப் போராடினார்கள். அப்போது அதை நாம் பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தியாகப் படித்துவிட்டுப் புரட்டினோம்.

பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். போ என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவனைப் போன்றவர்கள் எல்லாரும் போய்விட்டால் நம் ஜனங்களை ஏற்றிச் செல்பவர்கள் யார்? இரு என்று சொல்லவும் வாய் வரவில்லை. இருந்தால் அவன் உடம்பு என்ன ஆகும்? கடைசியில், "களைப்பு தாங்காத நாளில், இன்று ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுக்கலாமே?" என்றோம்.

"ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன், சார். மறுநாள் ஆபீசில் கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் நாள் எங்கே போனாய், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டார்கள். தப்பு செய்தவனைக் கேட்பதுபோல் இருந்தது. பிறகு எழுதவில்லை."

"பிறகு களைப்பே வரவில்லையா?"

அவன் பதில் சொல்லவில்லை. தரையைப் பார்த்தான். நமக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அவனுக்குப் பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

"தம்பி, பாங்கிக்கு நாம் எழுதிக் கொடுத்த பத்திரத்தில் என்ன எழுதினோம், ஞாபகம் இருக்கிறதா? கெட்டிக்காரன் என்று எழுதினோம். உழைப்பாளி என்று எழுதினோம். கடைசி வரி, உண்மை பேசுகிறவன் என்பது. போவதும் இருப்பதும் உன் இஷ்டம். கடனைப் பார்த்து, உடம்பைப் பார்த்து, வீட்டாரோடு யோசித்துச் செய். ஆனால் அந்தக் கடைசி வரியைப் பொய்யாக்கிவிடாதே."

நாம் சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று பிறகு தோன்றிற்று. சொல்வது நமக்குச் சுலபம். ஆபீசில் போய் உட்காருகிறவன் அவன். மாலை மின்சார ரயிலுக்குப் புறப்படும்போது, நம் வீட்டு அம்மாள் கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "சரி, சார்" என்று மட்டும் சொல்லிப் போனான்.

மூன்று வாரம் கழித்து டெலிபோனில் பேசினான். முதல் நாள் இரவு உறக்கம் வராததால், ஓட்ட முடியாது என்று எழிக் கொடுத்தானாம். வேறு விமானி வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்றாம். அதுவரை பிரயாணிகள் மேஜையைத் தட்டி, அங்கே நின்ற பெண்ணை வாயில் வந்தபடி ஏசினார்களாம். "பாவம் சார், அந்தப் பெண்" என்றான். மறுபடி ஆபீசில் கூப்பிட்டார்களா என்று கேட்டோம். "கூப்பிட்டார்கள். போனேன். உள்ளதைச் சொன்னேன்" என்றான். வேலையை விடுவது பற்றி இன்னும் தீர்மானிக்கவில்லையாம்.

ஆகவே நேயர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். இனி எப்போதாவது நீங்கள் விமான நிலையத்தில் காத்திருக்கையில், விமானியின் வேலை நேரம் முடிந்துவிட்டது, மாற்று விமானி வரும்வரை தாமதமாகும் என்று ஒலிபெருக்கியில் சொன்னால், கோபம் வரத்தான் செய்யும். நமக்கும் வரும். ஆனால் மேஜையைத் தட்டாதீர்கள். ஆள் போதாத கம்பெனியைக் கேள்வி கேளுங்கள், புகார் எழுதுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். உறங்கப் போன விமானியை மட்டும் ஏசாதீர்கள். யாரோ ஒரு பிள்ளை, தன் களைப்பைப் பற்றி உண்மை பேசிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.